டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி

நம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார்கள் இன்னும் சில நிற்கின்றன. மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ. உங்களுடையது அவற்றில் ஒன்றா? அப்படியானால் என்றாவது ஒரு நாள் மெக்கானிக் உங்களிடம் "ஈசிஎம் போயிடுச்சு சார்" என்று சொல்லக்கூடும். சிலர் ஈசியூ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்: இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். இதைக் கேட்டதும் சிலர் காரை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சிலர் கிடைத்த பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, மூன்று மாதத்தில் மறுபடி ஷெட்டுக்குப் போகிறார்கள். எதையும் செய்வதற்கு முன் அந்தப் பெட்டி நம் கார்களுக்குள் வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். எதை நம்பலாம் என்பது அதிலேயே இருக்கிறது.

இந்தப் பெட்டியின் முதல் அவதாரமே தோல்விதான். அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் எலெக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷனை அறிவித்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது வந்தது. அன்றைய மின்னணு உறுப்புகள் இன்ஜினின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசியில் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். பெண்டிக்ஸின் காப்புரிமையை உரிமம் பெற்ற ஜெர்மனியின் போஷ், டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அதை ஓடவைத்தது. அதே போஷின் மோட்ரானிக் 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தபோது, பெட்ரோல் அளவையும் பிளக் பொறி விடும் நேரத்தையும் ஒரே டிஜிட்டல் கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது. எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை அதன் சிப்பில் எழுதப்பட்டிருந்தது. இந்த அட்டவணையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது மைலேஜ் ஆசை அல்ல, புகை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. மூன்று வகை நச்சையும் ஒருசேரக் குறைக்கும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். ஜெட்டையும் மிதவையையும் வைத்து ஓடும் கார்புரேட்டரால் அந்தக் கணக்கை எல்லா நேரமும் பிடித்து வைக்க முடியாது. போதாக்குறைக்கு, பெட்ரோலில் ஈயம் இருந்தால் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும். நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் என்றானது 2000 பிப்ரவரியில்தான். அதுவரை சென்னைக் காரை ஊர்ப்பக்கம் ஓட்டி வருபவர் பெட்ரோல் பங்கில் யோசித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு வந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்குக் கெடு வைத்தது: அந்த ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2, இல்லாவிட்டால் தனியார் காருக்குப் பதிவு கிடையாது. அதன் பிறகு எல்லோருக்கும் அவசரம். கார்புரேட்டரோடு வளர்ந்த மாருதி 800க்கும் 2000இல் எம்பிஎஃப்ஐ வந்துவிட்டது. சென்னையில் பாரத் ஸ்டேஜ் 2 விதி 2001இல் வந்தது. நம் பூதலூருக்கும் நாட்டின் பெரும்பகுதிக்கும் வந்தது 2005 ஏப்ரலில். அந்த இடைவெளியில் பிறந்த கார் என்றால், ஒரே மாடலிலும் இன்ஜின் அமைப்பு ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள்.

காதை வைத்தே டியூனிங் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது திடீர் மாற்றம். பெட்டி பேசுவதைக் கேட்க ஸ்கேனர் வேண்டும். நான்கு சக்கர வண்டிகளுக்கு ஓபிடி கட்டாயமானது 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோதுதான். அதற்கு முந்தைய கார்களில் கம்பெனிக்கு ஒரு கனெக்டர். சிலவற்றில் செக் இன்ஜின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே கோளாறு பிடிபடாதபோது பழி பெட்டி மேல் விழுகிறது. நீங்கள் அதை அப்படியே ஏற்க வேண்டாம். முதலில் பேட்டரி வோல்ட்டேஜ், எர்த் ஒயர், மெயின் ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே, கிராங்க் சென்சார் இத்தனையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் கார் என்றால் என் சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மேல்தான் போகும். பிறகு நம் ஊருக்கே உரிய ஒன்று: எலி. குறுவையும் சம்பாவும் அறுத்து முடிந்த வயல்களில் தீனி தீர்ந்ததும் அவை வீடுகளைத் தேடி வரும். பானெட்டுக்குள் ஒரு இரவு போதும். கடித்த ஒயர் ஷார்ட் ஆகிப் பெட்டி போயிருந்தால், ஒயரைச் சரிசெய்யாமல் மாட்டும் புதுப் பெட்டியும் போகும்.

பெட்டிதான் போனது என்று உறுதியானால், என் முதல் ஓட்டு உங்கள் சொந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பதற்கே. தொண்ணூறுகளின் பெட்டிகளில் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒழுகுவது, சால்டர் விரிசல் விடுவது, இன்ஜெக்டரையோ காயிலையோ இயக்கும் டிரான்சிஸ்டர் எரிவது எல்லாம் தெரிந்த வியாதிகள், மாற்றக்கூடிய உறுப்புகள். சிப்பிலிருக்கும் அட்டவணை உங்கள் இன்ஜினுக்கே எழுதியது. அது பிழைத்திருந்தால் பெட்டியை ஏன் தூக்கிப்போட வேண்டும்?

அது முடியாவிட்டால் பழைய பெட்டி. சென்னை புதுப்பேட்டை வரை போனால் கிடைக்கலாம். கனெக்டர் பொருந்துகிறது என்பது மட்டும் பொருத்தம் ஆகாது. மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து மாறினால் அட்டவணை மாறியிருக்கலாம். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால், போர்டில் சேற்றுக் கறை இருந்தால், அது தண்ணீரில் கிடந்தது. பல கார்களில் இந்தப் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற ஒன்றில் சிக்கிய காரில் முதலில் நனைபவற்றில் அதுவும் ஒன்று. இன்னொன்று, சாவி. மாருதியில் ஐகேட்ஸ் என்ற திருட்டுத் தடுப்பு வந்த கார்களில் பெட்டிக்கும் சாவிக்கும் ரகசிய எண் உண்டு. பெட்டி நன்றாக இருந்தும் கார் எடுக்காது. சாவியோடு இணைத்துக் கொடுப்பது யார் என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

எந்தக் காருக்கும் மாட்டலாம் என்று விற்கும் பொதுப் பெட்டிகளும் உண்டு. அமெரிக்காவின் ப்ரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் 2001இல் தொடங்கிய மெகாஸ்கொர்ட் அந்த வழியில் பெயர் பெற்றது. நல்ல பெட்டிதான், ஆனால் அட்டவணையை நீங்களே எழுத வேண்டும். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது இன்பம். திருக்காட்டுப்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் போய்வரும் நமக்கு, புகைச் சோதனையில் நிற்கும்போது தலைவலி.

பழுதான பெட்டியைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு விட்டுவராதீர்கள். அதன் பார்ட் நம்பரை இன்றே, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போட்டோ எடுத்து ஆர்சி நகலோடு வையுங்கள். கார் நடுவழியில் நின்றபின் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுவது, நம் வயதுக்கு முதுகு வலிக்கும் வேலை.