அனுமானத்தின் உறுப்புகள்: மணிமேகலை முதல் ரூல்எம்எல் வரை

ஒரு முடிவு எந்தக் காரணத்தால் பெறப்பட்டது என்பதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயரிடும் முறையைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பழைய நூல் மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம். அதன் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு அளவை இலக்கணம் கற்பிக்கிறார். கதையின் ஓட்டத்தையே நிறுத்திவைத்து நூலாசிரியர் சாத்தனார் இதற்கு இடம் தந்திருக்கிறார்.

அனுமானத்தின் உறுப்புகள் ஐந்து. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைக் காட்டுவது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை உண்டு என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என முடிப்பது நிகமனம். நியாய மரபு ஐந்தும் வேண்டும் என்றது. அறவண அடிகளோ கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று பௌத்த மரபின்படி சுருக்குகிறார்.

பெயரிட்டதன் பெரும்பயன் பிழை காண்பதில்தான் தெரிகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று குற்றங்கள் வகுக்கப்படுகின்றன. பௌத்த அளவையியலாளர் தின்னாகரின் மரபைச் சேர்ந்த நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலிலும் இதே கணக்குதான். ‘ஒலி அழியக்கூடியது, கண்ணுக்குத் தெரிவதால்’ என்று ஒருவர் வாதிட்டால், ஒலி கண்ணுக்குத் தெரியும் என்பதை இரு தரப்புமே ஏற்காது. குற்றம் முடிவில் இல்லை, ஏதுவில் இருக்கிறது என்று சுட்டிக்காட்ட முடிகிறது. வாதத்தை முழுதாக மறுப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான வழி.

இந்தக் கல்வி பௌத்தத்தோடு முடிந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் என்ற வடமொழித் தருக்க நூலைத் தமிழில் தந்தார்.

காரணத்தையும் முடிவையும் பிரித்துப் பெயரிடும் தேவை கணினிக்கும் வந்தது. 1998இல் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழி தரமாக்கப்பட்டபின், விதிகளை அடையாளக் குறிகளுக்குள் எழுதும் ரூல்எம்எல் முயற்சி 2000இல் தொடங்கியது. விதி முழுவதும் ‘இம்ப்ளைஸ்’ என்ற குறிக்குள் அடங்கும். அதற்குள் ‘இஃப்’ பகுதியில் ‘ஓரிடத்தில் புகை உண்டு’ என்பதும், ‘தென்’ பகுதியில் ‘அவ்விடத்தில் நெருப்பு உண்டு’ என்பதும் வரும். ‘ஓரிடம்’ என்பது ‘வார்’ என்ற மாறிக்குறியைப் பெறும்; குறிப்பிட்ட மலைக்கு ‘இண்ட்’ என்ற குறி. இவ்வாறு எழுதிய விதியை வெவ்வேறு மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளலாம். 2004இல் எஸ்டபிள்யூஆர்எல் என்ற விதிமொழி முன்மொழியப்பட்டது. 2010இல் ஆர்ஐஎஃப் என்ற விதிப் பரிமாற்ற வடிவம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது.

இவற்றில் திட்டாந்தத்துக்கென்று கட்டாய இடம் இல்லை. மாறி இட்ட பொதுவிதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. குறிகள் முறையாகத் திறந்து மூடப்பட்டுள்ளனவா, உரிய இடத்தில் உள்ளனவா என்று சரிபார்ப்பான் பார்க்கும். ஏது உண்மையானதா என்பதை விதியை எழுதுபவர்தான் ஆராய வேண்டும்.