காற்றுத் துப்பாக்கியும் மாடப்புறாவும்: குறியின் எல்லையைப் பற்றிய ஒரு விசாரணை

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டாலும் தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் செல்லும் கடைமடைப் பூமியாகிய நாகப்பட்டினம் வட்டாரத்தில், நாற்றங்காலுக்குக் காத்திராமல் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருக்கும் உழவனுக்கு, விதைத்த நாளுக்கும் முளைத்த நாளுக்கும் இடையே மண்மேல் கிடக்கும் வித்தைப் பொறுக்க வரும் புறா ஒரு விரோதியாகத் தோன்றுவது இயல்பே. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பு நிற்கும் பயிருக்குள் தெளிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் இதே கதிதான். நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அம்பாரமாகக் குவிந்து முறைக்குக் காத்திருக்கும் நெல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. இந்த விரோதத்தைத் தீர்க்க உரிமச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் ஆயுதம், பேச்சு வழக்கில் ஏர்கன் என்று வழங்கும் காற்றுத் துப்பாக்கி. அதைக்கொண்டு புறாவைச் சுடுவது தகுமானால் எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவது தகும், உடலின் எந்த இடத்தில் குறிவைப்பது தகும் என்ற கேள்வியை, ஜீவகாருண்யப் பிரசங்கமாகவும் வேட்டைக்காரனின் பெருமைப் பேச்சாகவும் ஆக்கிவிடாமல், ஒரு தர்க்கமாகவே எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புறாக் குடும்பம் முழுவதையும் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்து, மாடப்புறா ஒன்றுக்கு மட்டும் விலக்களித்திருந்தது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளையே மாற்றி அமைத்துவிட்டபடியால், பழைய விலக்கின் ஞாபகத்தில் துப்பாக்கியைத் தூக்குகிறவன் இன்றைய அட்டவணையைப் பாராமல் தூக்கலாகாது. கோடியக்கரைச் சரணாலயத்தின் எல்லைக்குள்ளோ அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே குற்றம். எனினும், சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதும் நியாயம் எதை அனுமதிக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், குழல் வாய் 4.5 மில்லிமீட்டருக்கும், வாயிலிருந்து வெளிப்படும் சக்தி 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்கின்றன. அந்த எல்லை மனிதனுக்கு நேரக்கூடிய அபாயத்தை மனத்திற்கொண்டு வரையப்பட்டது. பறவைக்கு நேரக்கூடிய வேதனையை அளக்க அது உதவாது. ஆபத்தில்லாத ஆயுதம் என்று நாம் அலட்சியமாகக் கருதும் கருவியே, கொல்லும் வன்மை குறைந்திருப்பதனால், பறவையைக் குற்றுயிராக்கும் கருவியாகிவிடுகிறது என்பதை இவ்விஷயத்தில் முதற் பிரமாணமாகக் கொள்ளவேண்டும்.

இதற்கான காரணம் பௌதிக சாஸ்திரத்தில் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறும் ரவை ஒரு பரப்பை மூடிச் செல்கிறது. காற்றுத் துப்பாக்கியோ அரை கிராம் எடையுள்ள ஒரே ஈயக்குண்டை அனுப்புகிறது. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்படும் அக்குண்டின் சக்தி 10 ஜூல் அளவே. முப்பது மீட்டரைக் கடக்க அது நொடியில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதோடு, கடப்பதற்குள் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. முப்பது மீட்டருக்குக் குறி சரிசெய்யப்பட்ட துப்பாக்கியைக்கொண்டு, நாற்பது மீட்டரில் இருக்கும் புறாவை முப்பதென்று தவறாக மதித்துச் சுட்டால், குண்டு எண்ணிய இடத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே போய் விழும். அதாவது தலைக்கு வைத்த குறி மார்பிலோ வயிற்றிலோ பாயும். மரமும் மேடும் இல்லாத வயல்வெளியில் கண்ணால் தூரத்தை மதிப்பிடுவதில் பத்து மீட்டர் பிழை நேர்வது எவ்வளவு எளிது என்பதை வரப்பில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி அப்பறவையின் உடலமைப்பைக் கவனிப்போம். புறாவின் மூளை கண்ணுக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தளவில் அடங்கியிருப்பது. இதயமும் நுரையீரலும் இறக்கைகளின் தோளுக்கு இடையே, பறப்பதற்கென்றே பருத்த மார்புத் தசைக்கும் கத்திபோல் நிமிர்ந்த மார்பெலும்புக்கும் பின்னே பாதுகாப்பாக இருப்பவை. இவ்விரண்டு இடங்களில் ஒன்றில் குண்டு பட்டால் மரணம் உடனே நேரும். மற்ற இடங்களில் பட்டால் பறவை பறந்துபோய், காண்பாரில்லாத ஓரிடத்தில் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ செத்துக்கொண்டிருக்கும். எதிர்முகமாக நிற்கும் புறாவின் மார்பில் சுடுவதில் வேறொரு இடரும் உண்டு: கழுத்தின் அடியில் இருக்கும் தீனிப்பை. கொள்முதல் நிலையத்தில் வயிறார மேய்ந்த புறாவின் தீனிப்பை நெல்லால் புடைத்திருக்கும். வேகம் தளர்ந்து வரும் இலேசான குண்டை அந்த நெல்மணிகளே தடுத்து நிறுத்தவும் திசைதிருப்பவும் வல்லவை. எந்தக் குற்றத்துக்காகப் பறவையைத் தண்டிக்கப் புகுகிறோமோ, அந்தக் குற்றத்துக்குச் சாட்சியான நெல்லே அதற்குக் கவசமாகி, தண்டனையைச் சித்திரவதையாக்கிவிடுவது இவ்விவகாரத்தின் விபரீதம். ஆகவே முன்புறக் குறியை அறவே விலக்கி, நின்றுகொண்டிருக்கும் பறவையின் தலையிலோ, முதுகு காட்டியிருக்கும்போது தோள்களுக்கு நடுவிலோ மட்டுமே சுடலாம் என்பது அனுபவமுள்ள வேட்டைக்காரரின் கொள்கை. நடக்கும் புறாவோ ஒவ்வோர் அடிக்கும் தலையை வெட்டி வெட்டி முன்னுக்கு நீட்டி நடப்பது. குண்டு சென்று சேரும் ஆறில் ஒரு நொடிக்குள் தலை இருந்த இடத்தில் தலை இராது.

பன்னிரண்டு அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேற்பட்ட சக்தியை உரிமமற்ற துப்பாக்கிக்கு எல்லையாக வைத்திருக்கும் இங்கிலாந்தில், காட்டுப்புறாவைப் பயிருக்குச் சேதம் செய்வதென்று சுடுகிறவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. வயலில் எந்த நிலையில் இருந்து சுடுவோமோ அதே நிலையில் இருந்து காகிதத்தில் சுட்டுப் பார்த்து, எத்தனை தூரம் வரை ஒரு குண்டும் தவறாமல் ஒரு நாணயத்தின் வட்டத்துக்குள் விழுகிறதோ அத்தூரமே தனக்கு உரிய எல்லை, துப்பாக்கி எவ்வளவு தூரம் எறிந்தாலும் அதற்கு மேல் போகலாகாது என்பது அவ்விதி. நான் கண்டவற்றுள் இதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை. தூரத்தை ஆயுதத்தின் குணமாக வைக்காமல் சுடுகிறவனின் நிச்சயமாக வைக்கிறது இது.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு வந்தால் என்ன ஆகிறது? பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும் கரை இது. நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மெல்லிய காற்றுகூட முப்பது மீட்டரில் குண்டை நாலைந்து சென்டிமீட்டர் ஒதுக்கிவிடும். புறாவின் தலை முழுவதும் அவ்வளவு அகலம் இல்லை. புறா அடையும் இடங்களோ கோயில் கோபுரம், கிடங்கின் தகரக் கூரை, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்த பெரிய மினராவோடு நிற்கும் நாகூர் தர்காவின் உச்சிகள். சுதைச் சிற்பத்தின் மேல் அமர்ந்த பறவைக்குக் குறிவைக்கிறவனின் குண்டு எங்கே முடியும் என்று சொல்லவேண்டுமா? தரையில் மேயும் புறாவைச் சுட்டாலும், குறி தப்பிய குண்டு சமநிலத்தில் இருநூறு மீட்டருக்கு அப்பாலும் செல்லும். நெற்குவியலில் புதைந்தால் ஈயம் அரிசி ஆலைக்குப் போகும்.

குறி தவறுவது ஒருபுறமிருக்க, குறிவைத்த பறவை இன்னதென்று அறிவதிலும் பிழை நேர்கிறது. சாலிம் அலி பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது தம் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் கறை இருக்கக் கண்டு, அது என்ன குருவி என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் கொண்டுபோனதும், அதிலிருந்தே அவருடைய பறவை ஞானம் தொடங்கியதும், 1985இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையால் யாவரும் அறிந்த கதை. அதே சங்கத்தார் பிற்காலத்தில் கோடியக்கரையில் தங்கி, வலசை வரும் பறவைகளுக்குக் கால்வளையம் பூட்டி ஆராய்ந்தார்கள். அவ்விடம் 1967இல் சரணாலயமாயிற்று. சாலிம் அலி வேட்டையை வெறுத்தவர் அல்லர். ஆயினும் அக்கதையில் என் கவனத்தைக் கவர்வது அவருடைய பிற்காலப் புகழைக் காட்டிலும் இந்த ஒரு செய்தி: பறவை செத்துக் கைக்கு வந்த பிறகுதான் அது என்ன பறவை என்ற கேள்வியே எழுந்தது. அந்தி வெளிச்சத்தில் பனைமட்டையில் அமர்ந்திருப்பது மாடப்புறாவா, கள்ளிப்புறாவா, புள்ளிப்புறாவா என்று ஐயமறத் தெரியும் தூரத்துக்கு அப்பால் சுடுவது, எவ்வளவு நல்ல குறியாக இருந்தாலும், குருட்டுச் செயலே.

சோழர் தம் குலமுதல்வருள் ஒருவனாகச் சொல்லிக்கொண்ட சிபியின் கதையை இந்நாட்டார் கருணைக்கு உதாரணமாகவே சொல்லி வருகிறார்கள். அக்கதையில் பருந்தின் பசி பொய்யென்று யாரும் சொல்லவில்லை என்பதையும் நினைக்கவேண்டும். பருந்துக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டே, அடைக்கலம் புகுந்த புறாவின் எடைக்கு எடை தன் தசையைத் துலாக்கோலில் நிறுத்துக் கொடுத்தான் மன்னன். உழவனின் நஷ்டம் மெய்யானது. அதற்கு ஈடாக எதைச் செய்தாலும் நிறுத்துச் செய்யவேண்டும் என்பதே நான் அதிலிருந்து கொள்ளும் பொருள். துலாக்கோலின் மறுதட்டில் ஏறவேண்டியது சுடப்பட்ட பறவை மட்டுமன்று. மாடப்புறா ஆண்டில் பெரும்பகுதியும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரக்கும் பாலை ஊட்டி, ஏறத்தாழ ஒரு மாதம் குஞ்சுகளைக் கூட்டில் வளர்ப்பவை. குஞ்சில்லாத பருவம் என்று ஒன்றைப் பொறுக்கிச் சுட இப்பறவையிடத்தில் வழியில்லை. குறி பிசகாமல் நொடியில் கொன்றாலும், கோபுரப் பொந்தில் பசியால் சாகும் குஞ்சு அக்கணக்கில் சேரத்தான் செய்யும்.

துப்பாக்கியை முற்றாக ஒப்படைத்துவிடுங்கள் என்று 2021இல் அருணாசலப் பிரதேச அரசு தொடங்கிய இயக்கத்துக்கு இணங்கி, அங்குள்ள மக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார்கள். வேட்டை பரம்பரை வழக்கமாக இருக்கும் அவர்களுக்கு அது பெரிய தியாகம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. மேலே கண்ட நிபந்தனைகளை, அதாவது நாணய வட்டக் குறி, காற்றின் சாய்வு, பறவையின் நிலை, இனத்தெளிவு, பின்னணியில் ஆளோ சிற்பமோ இல்லாமை ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சாதாரணமான ஸ்பிரிங் துப்பாக்கி உடைய ஒருவனுக்கு இவ்வூர் வெளியில் நியாயமான தூரம் பதினைந்து இருபது மீட்டரைத் தாண்டாது என்பது என் முடிபு. அவ்வளவு அருகில் போய்விட்டவன் கைதட்டினாலே புறா பறந்துவிடும். பறந்தது திரும்பி வருமே என்று ஆட்சேபிக்கலாம். சுட்டுக் கொன்ற புறாவின் இடத்துக்கும் வேறு புறா வரத்தான் செய்யும். விதையை மண்ணால் மூடி விதைப்பதும், கொள்முதல் நிலையத்து நெல்லை அன்றன்றே எடை போட்டு ஏற்றுவதும், ஏற்ற முடியாததைத் தார்ப்பாயால் மூடுவதும், கிடங்கின் சாளரங்களுக்கு வலை அடிப்பதும் புறாவைத் தடுப்பதோடு மழையிலிருந்தும் நெல்லைக் காக்கும். விதைப்பைத் தாமே திருத்திக்கொண்டு, மற்றவற்றைச் செய்யுமாறு கொள்முதலை நடத்தும் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வதே, துப்பாக்கிக் கடையை நாடும் உழவர்களுக்கு இக்கட்டுரையாளன் கூறும் ஆலோசனை.