கரைக்குப் போன ஆள் யாரு?

ஐப்பசி மழைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள குடிமராமத்து பத்தி ஒண்ணு சொல்லிடறேன்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுலயே ஏரி வாரியம்னு தனிக் குழு உண்டு. குடவோலை எடுத்து ஆள் போட்டாங்க. கரைக்கு மண் அணைக்கிறது, வரத்துக்கால் தூர் எடுக்கிறதுன்னு ஊர் வழக்கமாவே நடந்து வந்த வேலையை 1858-ல வெள்ளைக்காரன் சட்டமாக்கினான். கரை உடையிற ஆபத்து வந்தா, உழைக்கிற வர்க்கத்து ஆம்பளைங்களைக் கட்டாயமா கூப்பிடலாம். வழக்கப்படி மராமத்துக்கு வர வேண்டியவன் வரலைன்னா, அந்த வேலைக்கூலி மாதிரி ரெண்டு மடங்கு கட்டணும்.

'ஊரே ஒத்துமையா செஞ்சது'ன்னு இப்ப பெருமை பேசறோம். சட்டத்தைப் படிச்சா வேற மாதிரி தெரியுது. கொட்டுற மழையில மண் சுமக்கக் கூப்பிட்டது கூலிக்காரனை. ஏரித் தண்ணியில நெல்லு வெளைஞ்சது பெரும்பாலும் அடுத்தவன் வயல்ல. எனக்கு இது உறுத்துது.

2017-ல அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டாந்தப்போ, பாசனக்காரங்க பங்கு 10 சதவீதம்னு வெச்சாங்க. பணமா, பொருளா, உழைப்பா தரலாம். அது நியாயம்.

இந்த ஞாயிறு காலையில எங்க ஏரிக் கலுங்குல முள்ளு வெட்டறோம். நிலம் வெச்சிருக்கவங்க முதல்ல வாங்க. அருவா, மண்வெட்டி கொண்டாங்க. கரையில எலிவளை, நண்டுவளை, கசிவு கண்ணுல பட்டா குச்சி நட்டு வையுங்க. மழை பிடிச்சப்புறம் ராத்திரி முறைக்காவலுக்கும் பேர் எழுதறோம். கசிவு பெருசானா 1077-க்கு போன் போடணும்.