பூவின் வேரிலே ஒரு போர்

பூவைப் பாடாத புலவர் இல்லை. ஆனால் பூவின் வேரைத் தேடி வல்லரசுகள் அலைந்த கதையைக் கேட்டோர் சிலரே. அதனை இன்று சொல்ல விழைகிறேன்.

கசாக்ஸ்தானின் தியான்சான் மலைச் சாரலிலே வளர்வது 'கொக்-சகிஸ்'. சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுச் செடி. நிலத்தோடு படிந்த இலைகள். நடுவே மெல்லிய தண்டில் ஒரு மஞ்சட் பூ. வேரை ஒடித்தால் பால் கசியும். அந்தப் பாலிலே இருப்பது இறப்பர். அவ்வூர் மக்கள் வேரை மென்று வந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் சோவியத் தாவரவியலாளர் இதனை இனங்கண்டனர். இறப்பர் மரத்துக்கு வெப்ப நாடும் ஐந்தாறு ஆண்டுகளும் வேண்டும். இச்செடிக்கோ குளிர் நாட்டு மண்ணும் ஓரிரு ஆண்டுகளும் போதும்.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானிடம் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையுடையதாயிற்று. இங்கு மரங்கள் அளவு மீறி வெட்டப்பட்டன. மலாயாவிலும் இலங்கையிலும் அந்தப் பாலை வடித்த கைகளிலே தமிழ்க் கைகள் அநேகம். ஆகவே இப்பூவின் கதை எமக்கு முற்றிலும் அந்நியமன்று. அதே ஆண்டில் சோவியத் விதைகள் அமெரிக்காவுக்குச் சென்றன. கிழக்கே படையெடுத்த ஜேர்மனியரும் இச்செடியைப் பயிரிட முனைந்தனர்.

அவர்கள் ஆய்வு நடத்திய இடங்களுள் ஒன்று ராய்ஸ்கோ. அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் கிளை. அங்கு கைதிப் பெண்களே உழைத்தனர். அவர்களுள் ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் சார்லொற் டெல்போ. 1943 ஜனவரியில் அவருடன் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட பெண்கள் 230 பேர். உயிருடன் மீண்டோர் 49 பேர் மட்டுமே.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு மனத்திலே தைத்தது இனிமேல்தான். கையிலே நூல் எதுவும் இல்லாத நிலையில், மொலியேரின் 'கற்பனை நோயாளி' நாடகத்தை அப்பெண்கள் நினைவிலிருந்தே மீட்டெடுத்து, முகாமிலேயே நடித்தார்கள். மனப்பாடம் வீண் சுமை என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லும் உதாரணம் இதுவே. எல்லாவற்றையும் பறித்தவர்களாலும் அவர்கள் நெஞ்சிலே இருந்த நாடகத்தைப் பறிக்க முடியவில்லை.

போர் முடிந்தது. மலிவான மர இறப்பர் மீண்டும் வந்தது; செயற்கை இறப்பரும் பெருகிற்று. கொக்-சகிஸ் வயல்கள் கைவிடப்பட்டன. ஜேர்மனியிலே இச்செடியின் இறப்பரில் சைக்கிள் ரயர் செய்தது மிக அண்மைக் காலத்துச் செய்தி. ரயரோடு டெல்போவின் நூல்களும் நிலைத்திருக்கின்றன. அந்தப் பூவுக்கு நான் தரும் மதிப்பு, அந்நூல்களின் பொருட்டே.