44: பதுளைப் பாதையின் எண்

இலங்கையின் மலையகப் புகையிரதப் பாதையின் அதிகபட்சச் சாய்வு 44க்கு 1. அதாவது 44 அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம் அல்லது இறங்கலாம். 1867இல் கண்டியை எட்டிய பாதை நாவலப்பிட்டி (1874), நானுஓயா (1885), பண்டாரவளை (1894) என நீண்டு, 1924இல்தான் பதுளையை அடைந்தது. முன்னர் அமைந்த கடுகண்ணாவை ஏற்றத்தின் சாய்வு 45க்கு 1. வேறுபாடு சிறிது; ஆனால் எண்ணியல்பில் 44 வேறு சாதி.

44 = 2 × 2 × 11. இதில் கவனிக்கத்தக்கது 11. 1620இல் எட்மண்ட் கண்டர் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதுவும் 11இன் மடங்கு. எனவே 44க்கு 1 என்ற சாய்வில் ஒரு சங்கிலிக்கு மட்டம் சரியாக ஒன்றரை அடி மாறும். எண்பது சங்கிலி கொண்ட ஒரு மைலுக்கு, அதாவது 5,280 அடிக்கு, மிச்சமின்றி 120 அடி. 45 என்றால் சங்கிலிக்கு 17.6 அங்குலம், மைலுக்கு வரும் 117 அடியுடன் மூன்றிலொரு பங்கும் ஒட்டிக்கொள்ளும். இந்த வசதிக்காகவே 44ஐத் தேர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இழுக்கும் எஞ்சினின் வலுவும் மலையின் அமைப்பும் முந்தியவை.

பட்டிப்பொல உச்சியிலிருந்து பதுளை ஏறத்தாழ 4,000 அடி கீழே. மைலுக்கு 120 அடி வீதம் இறங்கினால் பாதை 33 மைலுக்குக் குறைய வழியில்லை. 100 அடி இறங்கவே 4,400 அடி, அதாவது முக்கால் மைலுக்கும் மேல், தண்டவாளம் வேண்டும். தெமோதரையில் பாதை சுற்றிவந்து தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைவது இந்தக் கணக்கின் விளைவு. கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றியதைப் பார்த்து அந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நீளத்தைக் கேட்டது 44.

தோட்டத்து ஏக்கரிலும் இதே 11 இருக்கிறது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்: 43,560 சதுர அடி, அதாவது 44 × 990. நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 5,445 தேயிலைச் செடி. அந்த எண்ணும் 11ஆல் இருமுறை வகுபடும்.

அளவைக்குத் தொடர்பில்லாத இன்னோர் இயல்பும் 44க்கு உண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஐவர் கூடைகளை இறக்கி வைக்கின்றனர். திரும்ப எடுக்கும்போது ஒருவர் கையிலும் சொந்தக் கூடை வராதபடி எத்தனை விதமாக மாறலாம்? மொத்தம் 120 வழிகளில் 44. இவ்வகைக் கணக்கை 1708இல் எழுப்பியவர் பிரெஞ்சுக் கணிதர் மொன்மோர். மூவருக்கு விடை 2, நால்வருக்கு 9; இரண்டையும் கூட்டி, ஐந்தில் ஒன்று குறைத்த நான்கால் பெருக்கினால் 44. இங்கும் 11 தலைகாட்டுகிறது. 44ஐ 120ஆல் பெருக்கினால் மைலின் 5,280 அடி வருவது வெறும் தற்செயல். ஆனாலும் அழகான தற்செயல்.

1970களில் இலங்கை மீற்றர் முறைக்கு மாறியதும் 11இன் சலுகை போயிற்று. பத்தின் முதன்மைக் காரணிகள் 2, 5 மட்டுமே. ஆகவே இதே சாய்வு 100 மீற்றருக்கு 2.272727… மீற்றர் எனத் தசமத்தில் முடிவின்றி நீள்கிறது.