அவள் சொல்லும் அவன் இருந்த இடமும்

கல்கத்தாவிலே ஒரு குற்றம். குற்றஞ்சாட்டப்பட்டவன் கூறுகிறான்: "அன்று நான் லாகூரில் இருந்தேன்!" அது உண்மையாயின் அவன் குற்றவாளி ஆவது எங்ஙனம்? ஒருவன் ஒரே வேளையில் ஈரூரில் இருத்தல் இயலாது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் தன் பதினோராம் பிரிவை விளக்கத் தந்த எடுத்துக்காட்டு இது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சான்றுச் சட்டம், ஊர்களை மாற்றிச் சென்னை, லடாக் என்று எழுதியிருக்கிறது. வழக்கறிஞர்கள் 'அலிபி' என்றழைக்கும் இந்த வேற்றிட வாதத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வேறிடத்தில் இருந்தேன் என்பவன் அதனை மெய்ப்பிக்க வேண்டும்.

நல்ல சட்டம்; நேரிய சட்டம். ஆனால் நாம் கேட்கிறோம்: எதிரே நின்று, "என்னைச் சிதைத்தவன் இவனே" என்று கூறிய பெண்ணின் சொல்லுக்கு அதே நேர்மை கிடைத்ததா?

வரலாற்றைப் புரட்டுவோம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர் மேத்யூ ஹேல். வன்புணர்ச்சிப் பழியைச் சுமத்துவது எளிது, மெய்ப்பிப்பது அரிது, குற்றமற்றவன் அதனை மறுப்பதோ அதனினும் அரிது என்று எழுதிவைத்தவர் அவர். நீதிபதிகள் பல தலைமுறையாக அதனை வேதவாக்காக ஓதினர். அதே ஹேல்தான், 1662-இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட இரண்டு பெண்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர்! சூனியத்தை நம்ப அவருக்குச் சான்று கிடைத்தது. கொடுமைக்கு ஆளான பெண்ணை நம்பத்தான் தயக்கம் வந்தது.

இங்கே நிலை என்ன? ஆசையற்ற ஆண் ஒருவன் சாட்சியாகலாம்; தூய பெண்கள் பலராயினும் ஆகார், அவர்தம் அறிவு நிலையற்றது என்றது மனு நூலின் எட்டாம் அத்தியாயம். அங்கே ஹேல், இங்கே மனு. கடல் இடையே கிடந்தும் கருத்து ஒன்றே!

அந்த நிழலிலேதான் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலம் நடந்தன. கூட்டுக் குற்றவாளியின் சாட்சியத்தை எவ்வளவு ஐயத்துடன் நோக்கினரோ, அவ்வளவு ஐயத்துடன் அவள் சாட்சியத்தையும் நோக்கினர். 1951 டிசம்பரில், இராஜஸ்தானைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் அந்த விலங்கைத் தளர்த்தினார். அவள் குற்றத்தில் பங்காளி அல்லள். துணைச் சான்று தேடுவது நீதிபதி கொள்ள வேண்டிய எச்சரிக்கையே அன்றிச் சட்டத்தின் கட்டளை அன்று என்றார். 1990-இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஓரடி வைத்தது: காயம்பட்ட சாட்சிக்குத் தரும் மதிப்பை அவளுக்கும் தருக என்றது. அவள் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டிச் சாட்சியத்தைக் குலைக்க இடந்தந்த பிரிவு, 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீங்கியது.

சட்டம் மாறிற்று, மனம் மாறிற்றா? இராஜஸ்தானின் பதேரிச் சிற்றூரில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றவர் பன்வாரி தேவி, குயவர் குலத்தவர், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டப் பணியாளர். 1992 செப்டம்பரில் தாம் கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானதாக முறையிட்டார். 1995 நவம்பரில் விசாரணை நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டோரை வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆடவர் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டித் தம்மை மாசுபடுத்திக்கொள்ளார் என்பதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. லாகூருக்குப் போனதாகச் சொல்பவன் சான்று காட்ட வேண்டும். மேல்சாதியில் பிறந்தவனுக்கு அதுவும் வேண்டாம்! சாதியே அங்கு அலிபி ஆயிற்று! நாட்டையே உலுக்கிய அந்தக் கொடுமையிலிருந்துதான், பணியிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு பிறந்தது.

சொல்லையும் இடத்தையும் அறிவு கொண்டு எடைபோட்ட வழக்கும் உண்டு. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில், ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருத்தி சிதைக்கப்பட்டாள். குற்றஞ்சாட்டப்பட்டவருள் இருவர், அன்று மாலை பூங்காவில் இசை நிகழ்ச்சியில் இருந்தோம் என்றனர். ஒருவன், முந்தைய நாளே தொடர்வண்டி ஏறிப் பீகார் சென்றேன் என்றான். அவளோ மூன்று முறை வாக்குமூலம் தந்தாள். பேச இயலாத நிலையில் மூன்றாவதைச் சைகையாலும் எழுத்தாலும் தந்தாள். நான்கு நாளில் மாண்டாள். நீதிமன்றம் அவள் நிலை கண்டு இரங்கியதோடு நிற்கவில்லை. உடன் இருந்து தாக்குண்ட நண்பரின் சாட்சியம், உடைகளில் கிடைத்த குருதியின் மரபணுச் சோதனை ஆகியவற்றோடு அவள் சொல்லை ஒப்பிட்டது; பொருந்தியது. வேற்றிட வாதத்தையும் ஆராய்ந்தது, நிற்கவில்லை. 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

தோழர்களே, பெண் சொன்னாலே போதும், ஆராய வேண்டா என்று நாம் கூறவில்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை என்றும் அரசுத் தரப்புக்கே உரியது. அலிபி பொய்த்த மாத்திரத்தில் குற்றம் உறுதியாகிவிடாது. எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் சமமாக மதிக்க வேண்டும் என்று 1981-இல் கொலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2012-இல், முறையிட்டவரின் சாட்சியம் முரண்பட்ட வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவிக்கவும் செய்தது. இவையும் நேர்மையே.

கணக்குக்கு விடை மட்டும் எழுதும் மாணவனிடம் ஆசிரியர்களாகிய நாம் சொல்வதுண்டு: "வழியைக் காட்டு." நீதிபதியிடமும் நாம் கேட்பது அதுவே. அவளை நம்பினால் ஏன் நம்பினீர்? அவனை நம்பினால் எதைக் கண்டு நம்பினீர்? அந்த விடையில் சாதியும் பாலும் எட்டிப்பார்க்குமாயின், ஹேலும் மனுவும் இன்னும் நீதிமன்றத்தைவிட்டு வெளியேறவில்லை என்பதே பொருள். வெளியேற்றும் பணி, கேள்வி கேட்கும் இளைஞர் அனைவருக்கும் உரியது.