வீடே ஸ்டுடியோ ஆன கதை

பாடத் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, "உங்கள் முதல் மேடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் முடிந்துவிடும். "நீங்க முதன்முதலா வீட்டில் ரிக்கார்டு பண்ணின மெஷின் எது?" என்று கேளுங்கள். அவ்வளவுதான், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்! வாங்கிய கடை, கொடுத்த விலை, எந்தப் பட்டன் சிக்கிக்கொள்ளும் என்பது வரை வந்துவிடும். முதல் சைக்கிளைப் பற்றிப் பேசுகிற முகம் அப்போது அவர்களுக்கு.

நான் இசைக்கலைஞன் அல்ல. நம் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து 2011-ல் வெளியே வந்த எஞ்சினியர். கல்லூரி விழாக்களில் மற்றவர்கள் மேடையில் பாட, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று ஒயர் சுருட்டிய ஆள். ஆகவே மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டதும், பாட்டின் வரலாற்றை விட்டுவிட்டு, பாட்டைப் பிடித்து வைத்த பெட்டிகளின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது.

கடிகாரம் யார் கையில்?

வீட்டு ரிக்கார்டிங்கின் வரலாறு என்றதும் பலரும் ஒலித்தரத்தைப் பற்றியே பேசுவார்கள். என் கருத்தில் அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் நேரம்.

ஸ்டுடியோ என்பது மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுகிற இடம். நம் சினிமா இசையுலகில் அதற்குக் கால்ஷீட் என்று பெயர். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த காலத்தில், ஒருவர் தப்பினால் எல்லோருக்கும் 'ஒன் மோர்'. அங்கே போய், "இந்த இடத்தை வேற மாதிரி போட்டுப் பார்க்கலாமா?" என்று ஒரு புதுப்பையன் கேட்க முடியுமா? சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதே! அந்தக் கடிகாரத்தைக் கழற்றி இசைக்கலைஞன் கையில் கொடுத்ததுதான் வீட்டு ரிக்கார்டிங் செய்த பெரிய காரியம்.

கார் சக்கரமும் நாலாவது ஹெட்டும்

இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால் (1915 - 2009). ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டையே ஸ்டுடியோ ஆக்கியவர். இசைத்தட்டில் ஒலியைக் கீறும் எந்திரத்தைத் தானே செய்தார். தட்டு சீரான வேகத்தில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுருதி ஆடும். அதற்காக அவர் பொருத்தியது காடிலாக் காரின் ஃப்ளைவீல்! கனமான சக்கரம் ஒரே சீராகச் சுற்றும் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம்தானே? ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து இன்னொரு தட்டில் பதிவார். இப்படி ஒரே மனிதர் எட்டு கிடார்களாக ஒலித்த 'லவ்வர்' 1948-ல் வெளிவந்தது.

அடுத்து டேப் வந்தது. ரேடியோ நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்ய ஆசைப்பட்ட பாடகர் பிங் கிராஸ்பி, டேப் ரிக்கார்டர் செய்த ஆம்பெக்ஸ் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்து உதவியிருந்தார். 1949-ல் அந்த மெஷின்களில் ஒன்றை லெஸ் பாலுக்குப் பரிசாகக் கொடுத்தார். சாதாரணமாக அதில் அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், கேட்கும் ஹெட் என்று மூன்று வரிசையாக இருக்கும். லெஸ் பால் அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் இன்னொரு ஹெட்டை வைத்தார். பழைய ஒலி அழிவதற்கு முன் அதைப் படித்து, புதிய கிடாருடன் கலந்து, அதே டேப்பில் மறுபடி எழுதிவிடும். எளிமையான யோசனைதான். ஆனால் ஆபத்தும் உண்டு. பதினோராவது அடுக்கில் விரல் வழுக்கினால் முந்தைய பத்தும் போச்சு! மறுபடி முதலிலிருந்து.

வாடகை ஸ்டுடியோவில் இந்த விளையாட்டை யார் அனுமதிப்பார்கள்? வீடு என்பதால் முடிந்தது. மனைவி மேரி ஃபோர்டின் குரலை அடுக்கடுக்காகப் பதிந்து 1951-ல் வெளியிட்ட 'ஹௌ ஹை த மூன்', அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

நம்ம ஜாதிக்காரர் ஒருவர்

பதறாதீர்கள், எஞ்சினியர் ஜாதியைத்தான் சொல்கிறேன். டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முதுகலை (1970) முடித்து போலராய்டு கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவர். பகலில் டிசைன் வேலை. ராத்திரியில் வீட்டின் நிலவறையில் சம்பளக் காசில் சேர்த்த ரிக்கார்டிங் சாமான்கள். கிடார், கீபோர்டு என்று பலவற்றை அவரே மாற்றி மாற்றி வாசித்துப் பதிந்தார்.

இசைத்தட்டுக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தபோது, "வீட்டில் பதிந்தது வேண்டாம், முறையான ஸ்டுடியோவில் பதியுங்கள்" என்றது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் ஒரு தந்திரம் செய்தார். குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். ஷோல்ஸ் மட்டும் தன் நிலவறையிலேயே உட்கார்ந்து பெரும்பகுதியைப் பதிந்து முடித்தார்! 1976-ல் வந்த அந்த 'பாஸ்டன்' ஆல்பம், அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது. ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சோபாவில் சாயும் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய மனிதர்.

காஸெட்டுக்குள் நாலு தடம்

ஷோல்ஸ் வைத்திருந்தது எல்லாராலும் வாங்க முடியாத சாமான். சாமானியன் வீட்டுக்குள் ஸ்டுடியோவைக் கொண்டு வந்தது நம்ம காஸெட். ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய காஸெட், பேச்சைப் பதிவதற்கென்றே முதலில் எண்ணப்பட்டது. டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ஏ பக்கத்துக்கு இடது - வலது, பி பக்கத்துக்கு இடது - வலது என்று நாலு தடங்கள். ஜப்பானின் டியாக் கம்பெனிக்காரர்கள், "காஸெட்டைத் திருப்பிப் போடவே வேண்டாம், நாலு தடத்தையும் ஒரே திசையில் ஓட்டுவோம்" என்று யோசித்தார்கள். வினாடிக்கு 4.76 செ.மீ. என்ற வேகத்தை இரட்டிப்பாக்கி, கூடவே ஒரு சிறிய மிக்ஸரையும் ஒரே பெட்டியில் பொருத்தி, 1979-ல் 'போர்ட்டா ஸ்டுடியோ 144' என்று கொண்டு வந்தார்கள். 60 நிமிட காஸெட்டில் 15 நிமிடம்தான் பதியும். போகட்டுமே!

நாலு தடத்தில் நாலு வாத்தியம்தானே என்று நினைக்காதீர்கள். மூன்று தடங்களில் பதிந்ததை நாலாவதுக்கு மாற்றும்போதே கூட ஒன்றை நேரடியாக வாசித்துவிட்டால், நாலாவது தடத்தில் நாலு சேர்ந்துவிடும். காலியான மூன்றில் இரண்டில் பதிந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது இன்னொன்று, ஆக மூன்று. பிறகு முதல் தடத்தில் ஒன்று, அதை இரண்டாவதுக்கு மாற்றும்போது இன்னொன்று, ஆக இரண்டு. கடைசியில் காலியாக நிற்கும் முதல் தடத்தில் ஒன்று. நாலும் மூன்றும் இரண்டும் ஒன்றும், மொத்தம் பத்து! ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் ஏறும். மாற்றியதைப் பிரிக்கவும் முடியாது. பேஸ் சத்தம் கூடிவிட்டதே என்று பிறகு வருந்திப் பயனில்லை. அந்தப் பெட்டியில் பழகியவர்கள் முடிவெடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தங்கியிருந்த வாடகை வீட்டில், அந்த 144 மெஷினையும் இரண்டு மைக்குகளையும் வைத்துச் சில பாடல்களைப் பதிந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் வாசிப்பதற்கான மாதிரிதான் அது. காஸெட்டை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். ஆனால் ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது, அந்த அறையின் தனிமை வரவேயில்லை. கடைசியில் அந்தக் காஸெட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அந்த நாட்களைப் பற்றி 2025-ல் ஒரு திரைப்படமே வந்துவிட்டது.

இங்கே நடந்தது

போர்ட்டா ஸ்டுடியோவுக்கு நம் ஊரில் எங்கே போவது? நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் எண்பதுகளில் வாசித்த மூத்த அண்ணன் ஒருவர் சென்ற சந்திப்பில் தன் முறையைச் சொன்னார். வீட்டில் ஒரு டூ-இன்-ஒன், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இன்னொன்று. முதலாவதில் தாளத்தைப் பதிந்து ஓடவிட்டு, கூடவே ஆர்மோனியம் வாசித்து இரண்டாவதில் பதிவது. லெஸ் பாலின் பெயரையே கேள்விப்படாமல் லெஸ் பாலின் வித்தை!

"ஃபேனை நிறுத்தணும்டா தம்பி, இல்லாட்டி காத்து சத்தம்தான் பாட்டு" என்றார். வேர்க்க விறுவிறுக்க ராத்திரி ஒரு மணிக்குப் பதிவு. பேட்டரி இறங்கியிருந்தால் இன்னொரு கூத்து. பதியும்போது டேப் மெதுவாக ஓடும். மறுநாள் கரண்டில் போட்டால் சரியான வேகத்தில் ஓடும், சுருதி மேலே ஏறி நிற்கும். வயலின் என்றால் கம்பியை முறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்மோனியத்தை என்ன செய்வது? திரும்ப முதலிலிருந்துதான். "அத்தனை தடவை திரும்ப வாசிச்சதாலதான்டா எனக்குக் கை வந்தது" என்று அவர் முடித்தபோது, சுற்றியிருந்த எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

தமிழகத்தில் வீட்டு ஸ்டுடியோ என்றால் ஏ.ஆர். ரஹ்மானைச் சொல்லாமல் முடியாது. தந்தை ஆர்.கே. சேகர் 1976-ல் மறைந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறம் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவை அமைத்தார். அறை தயார். ஏ.சி. உண்டு, கம்பளம் உண்டு, மெஷின் வாங்கப் பணம் இல்லை. தாயார் தம் நகைகளை அடகு வைத்து முதல் ரிக்கார்டருக்குப் பணம் கொடுத்தார் என்றும், அந்தக் கணமே தன் எதிர்காலம் கண்ணில் தெரிந்தது என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே உருவானதுதான் 1992-ன் 'ரோஜா'. அவர் ராத்திரியில் வேலை செய்பவர் என்பது ஊரறிந்த செய்தி. விடிய விடிய ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்க கால்ஷீட் கணக்கில் இடமேது?

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது. ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து பத்துப் பேர் வேலையைச் செய்கிறார் என்றால், அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தொண்ணூறுகளில் சிந்தசைஸரும் கம்ப்யூட்டரும் பரவப் பரவ, சென்னையின் ரிக்கார்டிங் தியேட்டர்களை நம்பியிருந்த வயலின், செல்லோ, தபேலாக் கலைஞர்கள் பலருக்கு அழைப்பு குறைந்தது. வருடக்கணக்கில் கைப்பழக்கம் ஏற்றிய விரல்கள் அவை. எந்த மெஷினைச் செய்தாலும் இந்தக் கணக்கையும் எஞ்சினியர்கள் நாம் போட்டுப் பார்க்க வேண்டும். 2008-ல் அதே ரஹ்மான், வாத்தியக் கலைஞர்களை உருவாக்கச் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்வது நியாயம்.

தம்பி தங்கையருக்கு

1992-ல் விற்பனைக்கு வந்த ஏடாட் மெஷின், வீடியோ காஸெட் ஒன்றில் எட்டு தடம் பதிந்தது. பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. பில்லி ஐலிஷ் தன் அண்ணனுடன் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம் 2020-ல் கிராமி விருது வாங்கியது. கார் சக்கரம், பேச்சுக்கான காஸெட், சினிமா பார்ப்பதற்கான வீடியோ டேப் என்று வேறு எதற்கோ செய்ததை இழுத்து வந்து இசைக்கு வளைத்தவர்களின் கதைதான் இது முழுவதும். இன்று ஹாஸ்டலில் படிக்கும் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன், லெஸ் பாலின் கார் ஷெட்டைவிடப் பெரிய ஸ்டுடியோ. கடிகாரம் உங்கள் கையில் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருகிறீர்களா என்பதுதான் கேள்வி.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கல்லூரி விழாக் காஸெட்டுகள் உங்கள் பரணில் இருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு உதிரும். அவசரப்பட்டுப் பழைய பிளேயரில் போட்டுவிடாதீர்கள், டேப் சிக்கி அறுந்துபோகும். அப்படியே இந்தச் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். ஹெட்டைச் சுத்தம் செய்து, வேகம் சரிபார்த்த நல்ல டெக் ஒன்றையும் லேப்டாப்பையும் நான் கொண்டு வருகிறேன். கம்ப்யூட்டரில் ஏற்றி, காஸெட்டை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அன்று பாடியவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் குரல் அந்த 4 மில்லிமீட்டர் டேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி!